ரெண்டு புள்ளி ஒண்ணு

ராக்கப்பனின் ரத்தத்தை மூன்று தடவை எடுத்திருக்கிறேன். மூன்று தடவையும் எண் சரியாகத்தான் வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கதையைக் கேட்கிறவர்கள் எல்லாரும் கடைசியில், "லேப்ல எதுவும் மாறிப்போயிருக்குமோ?" என்று என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். மெஷின் தப்புச் செய்யவில்லை. தப்பு நான் செய்தேன், அது வேறு.

என் பெயர் பொன்மணி. சிவகாசியில் நாரணாபுரம் ரோட்டில் ஒரு காலண்டர் அச்சாபீசுக்கு மேலே இருக்கிறது எங்கள் லேப். பதினான்கு படி, கைப்பிடி கிடையாது. லேபுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நடக்க முடியாதவர்கள் என்பது கட்டடம் கட்டியவருக்குத் தோன்றவில்லை. கீழே ஆப்செட் மெஷின் ஓடினால் மேலே மேசை அதிரும். இ.எஸ்.ஆர். என்ற சோதனைக்கு ரத்தத்தைக் குழாயில் நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கீழே படிகிறது என்று பார்ப்போம். மேசை அதிர்ந்தால் கூடுதலாகப் படிந்து, இல்லாத நோயைக் காட்டிவிடும். அதனால் அச்சாபீசில் மதியச் சாப்பாட்டுக்கு மெஷினை நிறுத்தும் நேரத்தில்தான் குழாயை நிறுத்துவேன். பதினோரு வருசமாக இந்த ஒழுங்கு. மனுசரிடம் இந்த ஒழுங்கில் பாதியைக் காட்டியிருந்தால் போதும்.

ராக்கப்பனுக்கு நாற்பத்தாறு வயது. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கரிசல் கிராமம். அப்பா பருத்திக் காட்டில் கூலிக்குப் போனவர். இவர் பத்தொன்பது வயதில் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறினார். கட்டி முடித்த பெட்டிகளைக் குடோனுக்கும் லாரிக்கும் சுமக்கிற லோடு வேலை. மற்றவர்கள் ஒரு பெட்டி எடுத்தால் அவர் இரண்டு எடுப்பார். முருகம்மாளைப் பெண் கேட்டுப் போனபோது மாமனார் வீடு வாசலை விசாரிக்கவில்லை. "சப்பரத்துக்கு முன்தண்டு தூக்குறவன்தான?" என்று மட்டும் கேட்டாராம். ஊர்ப் பொங்கலில் அம்மன் சப்பரத்தின் முன்தண்டு இருபது வருசம் அவர் தோளில்தான் இருந்தது. உடம்பின் மேல் அப்படிப் பெருமைப்படுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நோயைக் கடைசி வரை மறைத்துவிட்டு, முற்றிய பிறகு அவர்கள்தான் வந்து நிற்பார்கள்.

இருபத்தேழு வருசச் சுமை, முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கிற சவ்வைப் பிதுக்கித் தள்ளிவிட்டது. டிஸ்க் விலகிவிட்டது என்று ஊரில் சொல்வோம். பிதுங்கியது இடது காலுக்குப் போகிற நரம்பின் மேல் உட்கார்ந்துகொண்டது. காலையில் முருகம்மாள்தான் கைலியைக் கட்டிவிட வேண்டும். இடது பாதம் பாதி மரத்துப்போய், செருப்புக் கழன்று விழுந்தாலும் தெரியாது. பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். பாரம் தூக்குவதுதான் வேலை என்று இவர் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்து, மெடிக்கல் ஷாப்பில் பேப்பரில் மடித்துத் தருகிற செட் மாத்திரையை வாங்கி விழுங்கிவிட்டு வேனில் ஏறினார். அந்தச் செட்டில் வெள்ளையாக ஒரு பொடி மாத்திரை இருக்கும். ஸ்டீராய்டு. அதை விழுங்கினால் நாலு மணி நேரத்துக்கு வலி எங்கே போனதென்றே தெரியாது. மாதக்கணக்கில் விழுங்கினார்.

அந்தக் கம்பெனியில் லோடு வேலைக்கு எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் முதுகு போயிருந்தது, ஆளுக்கு ஒரு அளவில். பட்டாசுக் கம்பெனிக்குள் இரும்புச் சக்கரம் உருளக் கூடாது, பொறி பறக்கும். அதைச் சொல்லியே காலங்காலமாக ஆளைச் சுமக்க வைத்தார்கள். ரப்பர் சக்கரம் போட்ட தள்ளுவண்டி பக்கத்துக் கம்பெனிக்கு வந்த பிறகு, எங்களுக்கும் நாலு வண்டி வேண்டும் என்று எட்டுப் பேரும் போய்க் கேட்டார்கள். முன்னால் நின்று பேசியவர் ராக்கப்பன். வண்டி வராவிட்டால் அடுத்த சீசனுக்குள் படுத்துவிடுவோம் என்று அவருக்குத் தெரியும். அந்த வண்டியைத் தவிர அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பெரிய முதலாளி சங்கரலிங்கமாக இருந்திருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டி விரட்டியிருப்பார், திட்டு அன்றோடு முடிந்திருக்கும். இவர்கள் கேட்டது அவர் மகன் ஹரிஷ்குமாரிடம். கோயம்புத்தூரில் படித்தவர், யாரையும் திட்ட மாட்டார். உட்காரச் சொன்னார், மோர் வாங்கிக் கொடுத்தார், செல்போனில் தேடிப் பார்த்தார். டிஸ்க் விலகியவர்களின் ரத்தத்தில் வீக்கத்தைக் காட்டுகிற சி.ஆர்.பி. என்ற அளவு கூடியிருக்கலாம் என்று யாரோ ஆராய்ச்சி செய்து போட்டிருந்தார்கள். 'இருக்கலாம்' என்பதை மட்டும் அவர் படிக்கவில்லை.

"சரி, ரத்தத்துல காட்டுச்சுன்னா நாலு வண்டியும் வாங்கித் தர்றேன். இது என் வாக்கு," என்றார். "எட்டுப் பேருக்கும் ஊசி குத்த வேண்டாம். ஒருத்தர் போனாப் போதும்."

இதைக் கேட்டு எட்டுப் பேரில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அதுதான் எங்கள் ஊர். இங்கே எதையும் ஒன்றை எடுத்துத்தான் பார்ப்போம். ஒரு நாள் ஓட்டிய சரக்கு ஒரு லாட். அதில் ஒரு வெடியை எடுத்துக் கொளுத்தி, நன்றாக வெடித்தால் லாட் முழுக்கப் பாஸ். புஸ்ஸென்று போனால் லாட் முழுக்க ரிட்டர்ன். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, எட்டு முதுகுக்கு ஒரு முதுகு என்பது நியாயமாகவே பட்டது. வியாபாரி முன்னால் கொளுத்துவதற்கு நல்ல வெடியாகப் பொறுக்கி எடுப்பதுபோல, இருப்பதிலேயே மோசமான முதுகை அவர்களே பொறுக்கினார்கள்.

"மொதலாளி, எங்க எல்லாத்தையும் விட அண்ணனுக்குத்தான் வலி ஜாஸ்தி," என்றான் சிவபாண்டி. எட்டுப் பேரில் இளையவன். ராக்கப்பனின் ஊர்க்காரன். அண்ணே என்று சேர்க்காமல் அவரிடம் ஒரு பேச்சுப் பேச மாட்டான். வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டானாம். "அண்ணே, உங்க ரத்தத்துலதாண்ணே நம்ம வண்டி இருக்கு."

மறுநாள் மதியம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, கம்பெனி சூப்பர்வைசர் கூட வர, ராக்கப்பன் எங்கள் லேபுக்கு வந்தார். சீட்டில் டிஸ்க் என்று எழுதியிருந்தது. டிஸ்க்காரர்கள் எங்கள் படியில் எப்படி ஏறுவார்கள் என்று எனக்குத் தெரியும். நாலாவது படியில் நின்று சுவரைப் பிடிப்பார்கள். இவர் பதினான்கு படியையும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்காமல் ஏறி வந்தார். சூப்பர்வைசர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"மாத்திரை எதும் சாப்பிடுறீகளா?" என்று கேட்டேன். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது.

ராக்கப்பன் சூப்பர்வைசரை ஒரு பார்வை பார்த்தார். "இல்ல தாயீ. மாத்திரை மருந்துக்கே நான் போனதில்ல."

சட்டைப் பையில் மெடிக்கல் ஷாப் பேப்பர் மடிப்பு துருத்திக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். ஸ்டீராய்டு அந்த எண்ணை அமுக்கிவைக்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் இருபத்துமூன்று குழாய் பாக்கி இருந்தது, கீழே சாப்பாட்டு நேரம் முடியப் போகிறது. கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். நான் செய்த முதல் தப்பு அது. காலையில் ஒரு செட்டும், படி ஏறுவதற்கு முன்னால் கீழே டீக்கடையில் இன்னொரு செட்டும் விழுங்கியிருக்கிறார். சூப்பர்வைசர் முன்னால் முனகினால் மானம் போய்விடுமே என்று.

இ.எஸ்.ஆர். எட்டு. சி.ஆர்.பி. இரண்டு புள்ளி ஒன்று. ஆறுக்குள் இருந்தால் நார்மல். மாத்திரை விழுங்காமல் வந்திருந்தாலும் ஆறுக்குள்ளேயே நின்றிருக்கலாம், டிஸ்க்காரர்கள் நிறையப் பேருக்கு அப்படித்தான் வருகிறது. வலியை அளக்கிற மெஷின் எங்களிடம் இல்லை. யாரிடமும் இல்லை.

ஹரிஷ்குமார் ரிப்போர்ட்டை நோட்டீஸ் போர்டில், நெருப்பு எச்சரிக்கைக்குப் பக்கத்தில் ஒட்டினார். எண்ணைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம். "இருக்கதுலயே மோசம்னு நீங்களே அனுப்புன ஆளு. அவருக்கே ஒண்ணுமில்ல. அப்ப உங்க யாருக்கும் ஒண்ணுமில்ல. சந்தோசப்படுங்கப்பா," என்றாராம். அன்றைக்கும் மோர் கொடுத்தாராம்.

வண்டி கிடைக்காமல் போயிற்று. ஏழு பேரின் கோபமும் முதலாளி மேல் போகவில்லை. முதலாளி மேல் கோபப்பட்டால் வேலை போய்விடும், ராக்கப்பன் மேல் கோபப்பட்டால் ஒன்றும் போகாது. சிவபாண்டி வாயிலிருந்து அண்ணே விழுந்துபோனது. "ஏலே ரெண்டு புள்ளி ஒண்ணு, அந்தப் பெட்டிய எடுலே. ஒனக்குத்தான் ஒண்ணுமில்லையே!" கனமான பெட்டியாகப் பார்த்து அவர் தலைக்கு ஏற்றினார்கள். வேனில் முன்சீட்டை விட மறுத்து, குலுங்குகிற பின்பக்கத்தில் நிற்க வைத்தார்கள். பெட்டி கட்டுகிற பெண்கள்கூட அவர் குனியும்போதெல்லாம் கோரஸாக எண்ணைச் சொல்லிச் சிரித்தார்கள். ஊரில் தண்ணீர் பிடிக்கப் போன முருகம்மாள் ரெண்டு புள்ளி ஒண்ணு பொண்டாட்டி ஆனாள். ஒரு நாள் கைலியைக் கட்டிவிடும்போது அவளே கேட்டிருக்கிறாள், "நெசமாத்தான் வலிக்குதா ஒங்களுக்கு?" கம்பெனியில் பட்டதையெல்லாம் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்ன மனுசர், இதைச் சொல்லும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அதைச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை, தனியாக வந்தபோது. பதினான்கு படியையும் உட்கார்ந்து உட்கார்ந்து, பின்பக்கமாக நகர்ந்தே ஏறியிருந்தார்.

"தாயீ, இந்த நம்பர ஏத்தணும்."

"என்னது?"

"ரெண்டு புள்ளி ஒண்ண ஏத்தணும். ஆறத் தாண்டணும். கறி கிறி தின்னா ஏறுமா? கீழ மெஷினு ஓடும்போது வச்சா கூடக் காட்டும்னு டீக்கடையில சொன்னாக. அப்படி வச்சுக் குடுங்களேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இந்த எண் வலியைக் காட்டாது, மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று முதலில் பொறுமையாகத்தான் சொன்னேன். அவர் மறுபடியும், "எப்படியாச்சும் தாயீ," என்றார். மூன்றாவது தடவை அதையே சொன்னதும் என் வாய் நிற்கவில்லை.

"நம்பர்தான வேணும்? ஒடம்புல எங்கயாவது சீழ் பிடிக்கட்டும். ஒரே நாள்ல நூறத் தாண்டும், போங்க!"

அவர் சிரிக்கவில்லை. "நூறா?" என்றார். கொஞ்ச நேரம் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "காலுல பிடிச்சாலும் ரத்தத்துல காட்டுமா தாயீ?"

"எங்க பிடிச்சாலும் காட்டும்," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மரத்துப்போன அந்த இடது பாதத்தில், பெட்டி கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை அறுத்த காயம் ஒன்று இருந்திருக்கிறது. நான் குனிந்து பார்க்கவில்லை. அவருக்கு அது வலிக்கவும் இல்லை. அன்றையிலிருந்து மாத்திரையை நிறுத்தினார். காயத்தைக் கழுவுவதையும் நிறுத்தினார். முருகம்மாளிடம் காட்டாமல் பழந்துணியைச் சுற்றிவைத்தார். புருசன் நொண்டுவதெல்லாம் முதுகால்தான் என்று அவள் நினைத்தாள். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனிடம் போய், அவர் முதுகு சரியாக வேண்டும் என்று கோயிலைச் சுற்றி ஈரச் சேலையோடு உருண்டு கொடுத்தாள். அவர் ஓரமாக நின்று, நூறு வர வேண்டும் என்று கும்பிட்டிருக்கிறார். மாரியம்மன் அவர் பேச்சைத்தான் கேட்டாள்.

ஆவணியில் சிவபாண்டி அவரை முதுகில் தூக்கிக்கொண்டு படியேறி வந்தான். இந்தத் தடவை ஏமாற்றுவேலை இல்லை என்று கம்பெனியில் சாட்சி சொல்ல ஓர் ஆள் வேண்டுமாம். காய்ச்சலில் ராக்கப்பனின் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. துணியைத் தாண்டி நாற்றம் வந்தது. சர்க்கரையும் பார்த்தேன், முந்நூறைத் தாண்டி நின்றது. இத்தனை மாதம் விழுங்கிய அந்த வெள்ளை மாத்திரை போகிறபோது அதையும் ஏற்றி வைத்துவிட்டுத்தான் போயிருந்தது. சி.ஆர்.பி. நூற்று நாற்பத்தெட்டு.

எண்ணைச் சொன்னதும் ராக்கப்பன் சிரித்தார். சப்பரம் நிலைக்கு வந்து சேர்ந்ததும் தூக்கியவர்கள் சிரிக்கிற சிரிப்பு. "கேட்டியாடா, நூத்தி நாப்பத்தெட்டு!"

"அண்ணே!" என்று சிவபாண்டி அவரைக் கட்டிக்கொண்டான். "ஜெயிச்சிட்டீகண்ணே!"

"அய்யா, இது முதுகு இல்ல, கால் அழுகுது. இந்த நிமிசமே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க," என்று கத்தினேன்.

"போறேன் தாயீ. கம்பெனியில காமிச்சிட்டு நேரா அங்கதான்."

கம்பெனியில் மூன்று மணி நேரம் காத்திருந்தார். சீசன் ஆர்டர் விஷயமாகச் சின்ன முதலாளியைப் பார்க்க வியாபாரிகள் வந்திருந்தார்களாம். அவர்கள் போன பிறகு ஹரிஷ்குமார் வந்து ரிப்போர்ட்டைப் பார்த்தார், கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனார், தெரிந்த டாக்டர் ஒருவருக்கு அங்கேயே போன் போட்டார். பேசி முடித்துவிட்டு எட்டுப் பேரையும் வரச் சொன்னார்.

"முதுகுன்னு சொன்னீங்க. டிஸ்க்குக்கு இவ்வளவு ஏறாதாம், இது வேற சீக்காம். உடனே ஆஸ்பத்திரியில சேக்கச் சொல்றாரு," என்றார். எல்லாருடைய முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "சாம்பிள் கெட்டுப்போனா நாம என்ன செய்வோம்னு உங்களுக்கே தெரியும். சீசன் நேரத்துல சீக்காளிகள வச்சு ஓட்ட முடியாது. நாளையில இருந்து எட்டுப் பேரும் வர வேண்டாம்."

ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லை. என்ன பேசுவார்கள்? ஒன்றைப் பார்த்து எட்டையும் முடிவு செய்யலாம் என்று முதல் நாளே தலையை ஆட்டியவர்கள் அவர்கள்தான். ஏழு பேரும் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார்கள். காலையில் முதுகில் தூக்கிவந்த சிவபாண்டி, போகும்போது அவரைத் தூக்கவில்லை. "ரெண்டு புள்ளி ஒண்ணாவே இருந்து தொலைஞ்சிருக்கலாம்லலே நீ," என்று சொல்லிவிட்டுப் போனான். செய்தி கேட்டு முருகம்மாள் ஆட்டோ பிடித்து வந்து சேரும்வரை ராக்கப்பன் கேட்டுக்கு வெளியே வெயிலில் கிடந்தார்.

பெரியாஸ்பத்திரியில் நாற்பது நாள் இருந்தார். உயிரைக் காப்பாற்றினார்கள். இரண்டு விரலையும் பாதத்தில் கொஞ்சத்தையும் எடுத்துவிட்டார்கள்.

கம்பெனிக்கு ஒரே வாரத்தில் வேறு ஊரிலிருந்து எட்டுப் பேர் வந்துவிட்டார்கள். அதில் ஒருவர் மட்டும் எங்கள் படியேறி வந்தார். இந்தத் தடவை நான் சட்டைப் பையைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன், காலியாகத்தான் இருந்தது. சி.ஆர்.பி. பூஜ்யம் புள்ளி எட்டு. லாட் பாஸ். ஐப்பசியில் ரப்பர் சக்கர வண்டி நாலும் வந்து இறங்கின. இறக்கும்போது பெட்டி கீழே விழுந்து மூலை நசுங்குகிறது என்று வெளியூர் வியாபாரி ஒருவர் புகார் சொல்லியிருந்தாராம்.

கார்த்திகை மாதம் ராக்கப்பன் மூன்றாவது தடவையாக வந்தார். புண் ஆறிவிட்டதா என்று பார்ப்பதற்காக ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒரு கையில் ஊன்றுகட்டை, மறுகையை முருகம்மாள் பிடித்திருந்தாள். மேலே வந்ததும் பெஞ்சில் உட்கார முடியாமல் தரையில் ஒருக்களித்துப் படுத்துவிட்டார். படுத்தபடியே கையை நீட்டினார். சி.ஆர்.பி. மூன்று புள்ளி நாலு.

முருகம்மாள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ரிப்போர்ட்டை வாங்கி விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். "நார்மல்னு போட்டிருக்கு. ஆறுக்குள்ளதான் இருக்கு. இருக்கன்குடி ஆத்தா கண்ணத் தொறந்துட்டா!" என்று ரிப்போர்ட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். படியேறி வந்ததிலிருந்து அவள் முகத்தில் நான் பார்த்த முதல் வெளிச்சம் அது.

ராக்கப்பன் என்னைப் பார்த்தார். "அப்ப முதுகு, தாயீ?"

"முதுகு அப்படியேதான் இருக்கும். இந்த நம்பர்ல அது தெரியாதும்மா," என்று முருகம்மாளிடம் சொன்னேன். ஆறு மாதத்துக்கு முன்னால் அந்த முதல் ரிப்போர்ட்டிலேயே எழுதியிருக்க வேண்டியதை, இப்போது வாயால் சொன்னேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "தெரியாதுன்னா அப்ப எதுக்கு எடுத்தீக? இதே நம்பரக் காட்டித்தான ஒண்ணுமில்லைன்னு போர்டுல ஒட்டுனாக? அன்னைக்குச் சொல்லாம இப்ப வந்து அவுக மனசக் கெடுக்காதீக." புருசன் பக்கம் திரும்பினாள். "ஒண்ணுமில்லைன்னு வந்திருச்சு. எந்திரிங்க."

ராக்கப்பன் ஊன்றுகட்டையைப் பிடித்து, சுவரில் நகத்தைப் பதித்து எழுந்தார். கழுத்து நரம்பு புடைத்தது, வாய் மட்டும் திறக்கவில்லை. முருகம்மாள் பார்த்துக்கொண்டே கூட வந்ததால், பதினான்கு படியையும் அவர் முனகாமல் இறங்கினார்.